பத்து தடவை போனால் பை காலியாகிவிடாது

தக்கலைப் பக்கம் ரப்பர் பால் வெட்டிய என் பெரியப்பாவுக்கு வயது 72. "எனக்கென்ன மக்கா, ராத்திரி அஞ்சு தடவை மூத்திரம் போறேன், நல்லாத்தான் போவுது" என்பார். போன மழைக்காலத்தில் மூக்கடைப்புக்குக் கடையில் ஒரு மாத்திரை வாங்கிப் போட்டார். அன்றிரவு சொட்டுகூட வரவில்லை, அடிவயிறு கல்லாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் டியூப் போட்டதும் ஒரு லிட்டர் பக்கம் வடிந்தது.

அடிக்கடி போவதை நன்றாகப் போவதாக எடுத்துக்கொள்வதுதான் பெரிய தவறு. சிறுநீர்ப்பை சுமார் 400, 500 மில்லி கொள்ளும். போய் வந்தபின் 50 மில்லிக்குள் மிஞ்சினால் கவலையில்லை. ஆண்களுக்குப் பையின் கீழே இருக்கும் புராஸ்டேட் சுரப்பி வீங்கி வழியை நெருக்கினால் பையின் தசை முக்கி முக்கித் தள்ளும், வருஷக்கணக்கில் தள்ளிக் களைத்தும்போகும். 300 மில்லி பழசு கிடந்தால் புதிதாகச் சேர இடமேது? அதனால்தான் மணிக்கொரு தரம் ஓட்டம். பை மெதுவாக விரிவதால் வலியும் தெரியாது. வேட்டி நனைய ஆரம்பித்தால் "வயசாச்சு" என்று விட்டுவிடுகிறோம். பை நிரம்பி வழிவதாகவும் இருக்கலாம். தேங்கினால் கிருமி சேரும், கல் விழும், கிட்னிக்குப் பின்னழுத்தம் போகும்.

சளி மாத்திரைக்கு வருவோம். மூக்கடைப்பைத் திறக்கும் மருந்து பையின் வாயை இறுக்கும். தூக்கம் வரவைக்கும் அலர்ஜி மருந்து பையின் தசையைத் தளர்த்தும். இரண்டும் ஒரே மாத்திரையில் இருப்பதும் உண்டு. கடைக்காரரிடம் புராஸ்டேட் வீக்கம் இருப்பதைச் சொல்லி வாங்குங்கள்.

திருவனந்தபுரம் பஸ் ஏறுமுன் தண்ணீரையே நிறுத்துகிறவர்களும் உண்டு. அதில் மலச்சிக்கல் வந்து அடைப்பு கூடும். சாயங்காலத்துக்குப்பின் சாயாவையும் தண்ணீரையும் குறைத்தால் போதும். நெருஞ்சில் கஷாயமா? மூத்திரத்தைப் பெருக்குவதற்கென்று குடிப்பது அது. போகும் வழியே அடைபட்டிருக்கும்போது பெருக்கி என்ன செய்ய?

பையில் மிஞ்சுவதை அளக்கும் ஸ்கேனிலும் ஒரு தப்பு நடக்கும். ஒரு லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டு, முட்ட முட்ட அடக்கி, அப்புறம் போனால் பை சரியாக வடியாது, மிச்சம் கூடுதலாகக் காட்டும். வழக்கமாக முட்டும் அளவில் போய்விட்டு வந்து எடுத்தால்தான் உண்மைக் கணக்கு. சர்க்கரை நோய் நரம்பைத் தளர்த்தியும் இப்படித் தேங்கும் என்பதால் அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

பையின் வாயைத் தளர்த்தும் டாம்சுலோசின் மாத்திரை கொடுத்தால் சட்டென்று எழும்பாதீர்கள், தலை சுற்றும். கண்புரை ஆபரேஷன் என்றால் அதைச் சாப்பிடுவதைக் கண் டாக்டரிடம் முன்பே சொல்ல வேண்டும். புராஸ்டேட்டைச் சுருக்கும் ஃபினாஸ்டரைடு மாத்திரை முழுப்பலன் தர ஆறு மாதம்கூட ஆகும், ஒரு மாதத்தில் விட்டுவிடாதீர்கள்.

சுத்தமாக நின்றுபோனால் விடியட்டும் என்று இருக்காதீர்கள். ஆசாரிப்பள்ளம் அரசு ஆஸ்பத்திரியோ பக்கத்து ஆஸ்பத்திரியோ, உடனே போய்விடுங்கள்.

பெரியப்பா இப்போது உட்கார்ந்து போகிறார். முடித்ததும் எழும்பாமல் சற்று இருந்து, முன்னால் குனிந்து, முக்காமல் இன்னொரு தடவை போகிறார். "பொம்பளைய மாதிரி இருக்க வச்சிட்டிய" என்று எங்களைத்தான் ஏசுகிறார்.