பார்டர் போட்டதும் கட்டம் காணோம்: டிகின்டரில் அளவு கேட்கும் கதை

அம்மாப்பேட்டையில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஒரு தறிக்காரர் இருக்கிறார். வேட்டிக் கரைக்கு டிசைன் போட அவர் கிராஃப் தாளில் பென்சிலால் கட்டம் கட்டமாக நிரப்புவதைப் பார்த்துவிட்டு, "அண்ணா, கம்ப்யூட்டர்லயே போட்டுத் தரேன்" என்று வாய் விட்டுவிட்டேன். 30 கட்டம், ஒவ்வொன்றும் 10 பிக்சல், ஆக 300 பிக்சலுக்கு ஒரு கேன்வாஸ் (படம் வரையும் பரப்பு), அழகுக்குச் சுற்றிலும் பார்டர். அவர் திரையில் விரல் வைத்து எண்ணிவிட்டு, "மொதக் கட்டம் பாதிக்கு மேல காணோமே தம்பி" என்றார். உண்மைதான், இடது ஓரத்தில் கீற்றாகத்தான் தெரிந்தது.

அந்தக் கட்டம் எங்கே போனது என்று தேடிப் போனதில் கற்றதுதான் இது. பைதானும், அதில் ஜன்னல், பட்டன் எல்லாம் போட்டுத் தரும் டிகின்டரும் போதும். உபுண்டுவில் பைதான்3-டிகே பொதியைத் தனியாக நிறுவ வேண்டியிருக்கும். ஆணைகளின் பெயரை உச்சரிப்பில் எழுதுகிறேன், எடிட்டரில் ஆங்கிலத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு ஃப்ரேம், அதாவது மற்றவற்றை உள்ளே வைக்கும் பெட்டி. விட்த் (அகலம்) 200, ஹைட் (உயரம்) 100, பின்னணி சிவப்பு, பேக் ஆணையால் ஜன்னலில் வைத்து ஓட்டுங்கள். சிவப்புப் பெட்டி வரும். இப்போது அதற்குள் ஒரு சின்னப் பட்டனை பேக் செய்து மறுபடி ஓட்டுங்கள். சிவப்பைக் காணோம், ஃப்ரேம் பட்டன் அளவுக்குச் சுருங்கிவிட்டது! புதிதாக வருபவர்கள் எல்லாரும் முட்டிக்கொள்ளும் இடம் இது. விட்த் 200 என்பது கட்டளை இல்லை, வேண்டுகோள்தான். விட்ஜெட் (ஃப்ரேம், பட்டன் போன்ற ஒவ்வொரு துண்டும்) "எனக்கு இவ்வளவு வேண்டும்" என்று கேட்கும், கொடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வது பேக், கிரிட் போன்ற ஜியாமெட்ரி மேனேஜர், அதாவது இடம் பிரித்துத் தருபவர். உள்ளே பிள்ளை (இங்கே அந்தப் பட்டன்) வந்ததும் பேக், பிள்ளைக்கு வேண்டியதைக் கணக்குப் போட்டு, ஃப்ரேமின் பெயரில் புது வேண்டுகோளை மேலே அனுப்பிவிடுகிறது. பழைய 200 அதோடு போச்சு. அதைத் தடுக்க ஃப்ரேமில் பேக் ப்ராபகேட்டை ஃபால்ஸ் ஆக்கலாம், ஆனால் அவசரத்துக்கு மட்டும்.

அடுத்து, கேட்டது எவ்வளவு, கிடைத்தது எவ்வளவு என்று அச்சிட்டுப் பாருங்கள். வின்ஃபோ ரெக்விட்த் கேட்டதைச் சொல்லும், வின்ஃபோ விட்த் கிடைத்ததைச் சொல்லும். இரண்டாவது 1 என்று காட்டினால் பயப்பட வேண்டாம், ஜன்னல் இன்னும் திரைக்கே வரவில்லை, முன்னால் ஒரு அப்டேட் போடுங்கள்.

இடையில் ஒன்று: லேபிள், பட்டன் இவற்றில் எழுத்து இருந்தால் விட்த் பிக்சல் கணக்கு இல்லை, எழுத்துக் கணக்கு, அதுவும் "0" என்ற இலக்கத்தின் அகலத்தை வைத்து. நம் எழுத்து அதைவிட அகலம் என்பதால், "செவ்வாய்ப்பேட்டை" என்று எழுதி விட்த் 8 கொடுத்தால் இரண்டு பக்கமும் வெட்டுப்படும். விட்த் கொடுக்காமல் விட்டாலே அது தனக்கு வேண்டியதைச் சரியாகக் கேட்டுக்கொள்ளும்.

சரி, பார்டருக்கு வருவோம். என் கேன்வாஸில் பார்டர்விட்த் 5, ஹைலைட்திக்னஸ் 2. ஹைலைட் என்பது கீபோர்டின் கவனம் (ஃபோகஸ்) அங்கே இருக்கிறது என்று காட்டும் வெளி வளையம். இரண்டும் சேர்ந்து ஒரு பக்கத்துக்கு 7, இரு பக்கத்துக்கு 14. கேன்வாஸ் தன் 300ஓடு இதையும் கூட்டி 314 கேட்கிறது. இதில் தப்பில்லை. ஆனால் ஸ்க்ரோல்ரீஜன் (நகர்த்திப் பார்க்கும் பரப்பின் எல்லை) எதுவும் தராதபோது வரைபடத்தின் 0,0 புள்ளி பார்டருக்கு உள்ளே தொடங்குவதில்லை, பார்டரின் வெளி மூலையிலேயே தொடங்குகிறது. அதனால் என் முதல் கட்டத்தின் 10 பிக்சலில் 7 பார்டருக்கு அடியில் மாட்டிக்கொண்டது, வலது ஓரத்தில் 7 பிக்சல் சும்மா வெறிச்சென்று கிடந்தது. நானோ லூப்பில் ஏதோ ஒன்று கூடக் குறைய எழுதிவிட்டேன் என்று ஒரு ராத்திரி முழுக்க அதையே குடைந்துகொண்டிருந்தேன்.

ஃப்ரேமின் வழக்கம் வேறு. அதற்கு விட்த் 300, பார்டர் 5 என்றால் கேட்பது 300தான், பார்டர் அதற்குள்ளேயே அடக்கம். கூடவே "என் ஓரத்தில் இவ்வளவு இடம் விட்டுப் பிள்ளைகளை வை" என்று உள்பார்டர் அளவையும் மேனேஜருக்குச் சொல்லிவைக்கிறது. சொல்வது மட்டும்தான், அந்தத் தகவல் எதையும் வரையாது. பார்டரை வரைவது ஃப்ரேமின் தனி வேலை, அதிலும் ரிலீஃப் (பார்டரின் மேடு பள்ளத் தோற்றம்) ஃப்ளாட் ஆக இருந்தால் பார்டர் கண்ணுக்கே தெரியாது. ரிட்ஜ், க்ரூவ், சங்கன் என்று ஏதாவது கொடுக்க வேண்டும்.

ஆகவே நான் செய்தது: கேன்வாஸில் பார்டர்விட்த், ஹைலைட்திக்னஸ் இரண்டையும் 0 ஆக்கினேன், அதை பார்டர் 5, ரிலீஃப் ரிட்ஜ் உள்ள ஒரு ஃப்ரேமுக்குள் பேக் செய்தேன். ஃப்ரேமுக்கு விட்த் எதுவும் தரவில்லை. தந்து, ப்ராபகேட்டையும் நிறுத்தியிருந்தால் 300இல் 10 பார்டருக்குப் போய், கேன்வாஸுக்கு 290 கிடைத்து, கடைசிக் கட்டம் போயிருக்கும்.

ஓட்டிவிட்டு ஃப்ரேமின் ரெக்விட்த் பாருங்கள், 310 வர வேண்டும். 312, 314 என்று வந்தால் கேன்வாஸின் ஹைலைட்டை 0 ஆக்க மறந்திருக்கிறீர்கள்.