மால்ட் எக்ஸ்ட்ராக்டில் பேல் ஏல்: ரெசிபியைக் கணக்குப் போட்டு அமைப்பது எப்படி

மால்ட் எக்ஸ்ட்ராக்ட் என்பது முளைகட்டி உலர்த்திய பார்லியிலிருந்து (மால்ட்) எடுத்து, பாகாகவோ பவுடராகவோ வற்றவைத்த சாறு. அதை வைத்து பேல் ஏல் என்ற வெளுத்த பீரைக் காய்ச்சும்போது பாதி வேலையை மால்ட் ஆலையே முடித்துக் கொடுத்துவிடுகிறது. தானியத்தை வெந்நீரில் ஊறவைத்து மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றும் பாடு நமக்கு இல்லை. ஆனால் அந்தச் சர்க்கரையில் ஈஸ்ட் எவ்வளவைத் தின்னும், எவ்வளவை மிச்சம் வைக்கும் என்பதும் அங்கேயே முடிவாகிவிடுகிறது. மிச்சமிருக்கும் மற்ற எல்லாம், அதாவது நிறம், கசப்பு, மணம், நுரை, நம் கையில். ஆகவே டப்பாவில் வருவது எவ்வளவு வெளுப்பாக, எவ்வளவு சாதாரணமாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. ‘லைட்’ அல்லது ‘எக்ஸ்ட்ரா லைட்’ மட்டும் வாங்குங்கள். ‘ஆம்பர்’ எக்ஸ்ட்ராக்டில் கிரிஸ்டல் மால்ட் (நிறமும் கேரமல் சுவையும் தரும் மால்ட் வகை) ஏற்கெனவே கலந்திருக்கும். எந்த வகை, எவ்வளவு என்பது பெரும்பாலும் லேபிளில் இருக்காது. தெரியாத ஒன்றை வைத்து ரெசிபி போட முடியாது.

பவுடரா, பாகா என்றால் பவுடர்தான். பாகு அலமாரியில் இருக்க இருக்கக் கறுக்கும், பழைய வெல்லப்பாகு போன்ற ஒரு சுவை ஏறும். பாகுதான் கிடைக்கிறது என்றால் தயாரித்த தேதியைப் பார்த்து, புதிதாக வந்ததை வாங்குங்கள்.

இனி கணக்கு. 20 லிட்டர் பீர், தொடக்க கிராவிட்டி (தண்ணீரை 1 என்று வைத்தால், புளிக்கும் முன் கரைசலின் அடர்த்தி) 1.052 என்று வைத்துக்கொள்வோம். 1-ஐ விட்டுவிட்டால் 52 புள்ளி; 52 × 20 = 1,040 புள்ளிகள் தேவை. ஒரு கிலோ பவுடர் ஏறத்தாழ 370 புள்ளி தரும். பாகு 300, வெள்ளைச் சர்க்கரை 384. வெந்நீரில் வெறுமனே ஊறவைத்த கிரிஸ்டல் மால்ட் கிலோவுக்குச் சுமார் 150 என்று எடுத்துக்கொண்டால் போதும்.

லைட் பவுடர் 2.5 கிலோ: 925
வெள்ளைச் சர்க்கரை 200 கிராம்: 77
கிரிஸ்டல் மால்ட் (நிற அளவு 40 லோவிபாண்ட்) 300 கிராம்: 45

மொத்தம் 1,047. ஏழு புள்ளி கூட வந்தால் யாருக்கும் தெரியாது.

பீரில் சர்க்கரையா என்று முகம் சுளிக்க வேண்டாம். எக்ஸ்ட்ராக்ட் பீரில் அடிக்கடி வரும் குறை, கிராவிட்டி 1.016 பக்கம் வந்து நின்றுவிடுவது. குடித்தால் வாயில் இனிப்பு ஒட்டும், ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ) மங்கிப்போகும். சர்க்கரை முழுவதும் புளித்துவிடும் என்பதால் முடிவு 1.012 அருகே இறங்கும். 52-லிருந்து 12-ஐக் கழித்து 0.131-ஆல் பெருக்கினால் ஆல்கஹால் சுமார் 5.2 சதவீதம். மொத்தப் புள்ளிகளில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் சர்க்கரை போனால் பீர் தண்ணியாகிவிடும். கிரிஸ்டல் மால்ட்டும் அப்படித்தான்: அரை கிலோவைத் தாண்டினால் கேரமல் வாசம் மற்ற எல்லாவற்றையும் மூடிவிடும்.

கசப்புதான் பலர் கோட்டை விடும் இடம். கிராவிட்டி 52 என்றால் 35 முதல் 38 ஐபியு (கசப்பின் அளவு) வரை பேல் ஏலுக்குச் சரி. கணக்கு இதுதான்: ஹாப்ஸ் எடை (கிராம்) × ஆல்பா அமில (கசப்புக்குக் காரணமான அமிலம்) சதவீதம் × 10, அதை லிட்டரால் வகுத்து, பயன்பாட்டு விகிதத்தால், அதாவது அந்த அமிலத்தில் எவ்வளவு பங்கு பீரில் கசப்பாகச் சேர்கிறது என்பதால், பெருக்க வேண்டும். 1.050 கிராவிட்டியில் 60 நிமிடக் கொதிக்கு அந்த விகிதம் 0.231, 10 நிமிடத்துக்கு 0.084. ஆல்பா 12 சதவீதம் உள்ள மேக்னம் என்ற ஹாப்ஸ் வகையில் 20 கிராமை 60 நிமிடம் கொதிக்கவிட்டால் 20 × 12 × 10 ÷ 20 = 120; 0.231-ஆல் பெருக்கினால் 28 ஐபியு. ஆல்பா 6 உள்ள காஸ்கேட் என்ற வகை 30 கிராம், கடைசி 10 நிமிடத்துக்கு, இன்னும் 7 அல்லது 8 தரும். அடுப்பை அணைத்து வோர்ட் (இன்னும் புளிக்காத மால்ட் கரைசல்) 80 டிகிரிக்கு இறங்கியதும் இன்னொரு 30 கிராம் காஸ்கேட் போட்டு 20 நிமிடம் மூடி வைத்தால் மணம் ஏறும், கசப்பு ஓரிரு புள்ளிதான் கூடும். ஆல்பா அளவு ஒவ்வொரு அறுவடைக்கும் மாறும். பாக்கெட்டில் அச்சிட்டிருப்பதை எடுத்துக் கணக்கை மறுபடி போடுங்கள். வேறொருவர் எழுதிவைத்த கிராம் கணக்கை அப்படியே நம்ப வேண்டாம்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. வீட்டு அடுப்பில் 20 லிட்டரைக் கொதிக்கவிட முடியாமல் பலர் 12 லிட்டரில் காய்ச்சிவிட்டுப் பிறகு தண்ணீர் சேர்ப்பார்கள். மொத்த எக்ஸ்ட்ராக்டையும் சர்க்கரையையும் அந்த 12 லிட்டரில் முதலிலேயே கொட்டினால் பானையில் கிராவிட்டி 1.087. அந்த அடர்த்தியில் 60 நிமிட விகிதம் 0.165-க்கு விழுகிறது, 28 வர வேண்டிய கசப்பு 20-தான் வரும். நிறமும் செம்பாகிவிடும். பாதியை, அதாவது 1.25 கிலோவை, முதலில் போடுங்கள், கிராவிட்டி 1.042-இல் நிற்கும். மீதிப் பவுடரும் சர்க்கரையும் கடைசி ஐந்து நிமிடத்துக்கு.

தண்ணீரில் குளோரின் இருந்தால் பீரில் மருந்து வாடை வரும். 20 லிட்டருக்கு அரைக் கேம்ப்டன் (சல்பைட்) மாத்திரையைப் பொடித்துப் போட்டால் தீரும். எக்ஸ்ட்ராக்டில் ஆலைத் தண்ணீரின் தாது உப்புகள் ஏற்கெனவே இருப்பதால் ஆர்ஓ தண்ணீரே போதும். கசப்பு கொஞ்சம் உலர்வாக, கூர்மையாக வேண்டுமென்றால் 3 கிராம் ஜிப்சம் (கால்சியம் சல்பேட்) சேர்க்கலாம்.

உடைத்த கிரிஸ்டல் மால்ட்டைத் துணிப்பையில் கட்டி, 2 லிட்டர் தண்ணீரில் 65 முதல் 70 டிகிரியில் 30 நிமிடம் வையுங்கள். 77-ஐத் தாண்டினால் உமியிலிருந்து துவர்ப்பு இறங்கத் தொடங்கும். பையை எடுத்துவிட்டு, பானையில் மொத்தம் 12 லிட்டர் வரும்படி தண்ணீர் ஊற்றிச் சூடாக்கி, அடுப்பை அணைத்த பிறகே பவுடரைச் சேருங்கள். எரியும் அடுப்பில் போட்டால் அடியில் உறைந்து கருகும். கொதிக்கும் பானையில் கொட்டினால் நுரை பொங்கி அடுப்பெல்லாம் பிசுபிசுக்கும். ஆவி படும் இடத்தில் பாக்கெட்டைத் திறந்து வைத்தால் பவுடர் கல்லாகிவிடும் என்பதையும் கவனத்தில் வையுங்கள். கொதி வந்ததும் மேக்னம் போட்டு மணி பாருங்கள். கடைசித் தவணைப் பவுடருக்கும் அடுப்பை அணைத்துக் கரைத்து, மறுபடி கொதி வந்த பிறகுதான் ஐந்து நிமிடத்தை எண்ண வேண்டும்.

ஐஸ் தண்ணீரில் பானையை வைத்து ஆற்றி, கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரால் 20 லிட்டருக்கு நிரப்பி, நன்றாகக் கலக்குங்கள். இங்கே ஹைட்ரோமீட்டர் (கிராவிட்டி அளக்கும் கருவி) பலரை ஏமாற்றும். கனமான வோர்ட் அடியிலும் சேர்த்த தண்ணீர் மேலுமாக நிற்பதால் 1.040 என்றோ 1.065 என்றோ காட்டும். எடையும் லிட்டரும் சரியாக இருந்தால் கிராவிட்டி 1.052-தான். குறைகிறதே என்று பவுடரை மேலும் கொட்டாதீர்கள்.

ஈஸ்ட்டுக்கு 11.5 கிராம் உலர்ந்த அமெரிக்க ஏல் பாக்கெட் ஒன்று போதும். புளிப்பதை 18 முதல் 20 டிகிரியில் வைத்திருங்கள். 24-க்கு மேல் போனால் பழவாசமும், பிறகு தொண்டையைச் சுடும் கனமான ஆல்கஹாலும் உருவாகும். பாத்திரத்தின் உள்வெப்பம் அறையைவிட ஓரிரண்டு டிகிரி கூடுதலாகவே இருக்கும். ஏர்லாக்கில் (வாயுவை வெளியே மட்டும் விடும் அடைப்பு) குமிழி நின்றதை வைத்து முடிந்தது என்று எண்ண வேண்டாம். மூன்று நாள் இடைவெளியில் இரண்டு முறை கிராவிட்டியை அளந்து ஒரே எண் வர வேண்டும். அதன்பின் 40 கிராம் காஸ்கேட்டை நேராக உள்ளே போட்டு மூன்று நாள் வையுங்கள். ஹாப்ஸில் உள்ள நொதிகள் மிச்சச் சர்க்கரையை உடைத்து மறுபடி புளிக்க வைக்கலாம் என்பதால், பாட்டிலில் அடைக்கும் முன் இன்னொரு முறை அளந்து பாருங்கள்.

20 லிட்டருக்கு 120 கிராம் சர்க்கரையைக் கொஞ்சம் தண்ணீரில் கொதிக்கவிட்டு ஆற்றி, காற்று கலக்காமல் பீருடன் சேர்த்து, கழுத்தில் இரண்டு விரல் இடம் விட்டு பாட்டிலில் அடையுங்கள். புளித்து முடியாத பீரில் இதே 120 கிராம் பாட்டிலை வெடிக்கவைக்கும். 20 டிகிரி அருகே இரண்டு வாரம் வைத்து, பிறகு குளிரில் வையுங்கள். ஹாப்ஸ் மணம் இரண்டு மாதத்துக்குள் மங்கத் தொடங்கிவிடும்.