மலையை எழுதும்போது சறுக்கும் இடங்கள்

மலையைப் பற்றி எழுத உட்கார்ந்தாலே கை தானாக ‘விண்ணை முட்டும்’ என்று ஆரம்பித்துவிடுகிறது. அடுத்த வரியில் ‘கம்பீரம்’ வந்து நிற்கும், மூன்றாவது வரியில் மேகம் தவழும். பயணக் குறிப்பு, வரலாற்றுக் கட்டுரை, ஓவிய அறிமுகம் எதுவானாலும் இதே கதைதான். இதையாவது பழக்கதோஷம் என்று விட்டுவிடலாம். கூடவே ஒட்டிக்கொண்டு வரும் தகவல் பிழைகள்தான் சங்கடம். இங்கே சொல்லப்போவதில் பாதியை நானும் செய்தவன்தான்.

உயரத்திலிருந்தே தொடங்கலாம். எவரெஸ்ட் கடல் மட்டத்திலிருந்து 8,848.86 மீட்டர். இது 2020இல் நேபாளமும் சீனாவும் சேர்ந்து அறிவித்த அளவு. ‘கடல் மட்டத்திலிருந்து’ என்பதை விட்டுவிட்டு ‘உலகிலேயே உயரமானது’ என்று மட்டும் எழுதினால் வாக்கியம் ஆட்டம் காணும். ஹவாயின் மௌனா கீ கடலுக்கு மேலே 4,205 மீட்டர்தான் தெரியும். கடலடியில் இருக்கும் அதன் அடிவாரத்திலிருந்து அளந்தால் 10,000 மீட்டரைத் தாண்டும். பூமியின் மையத்திலிருந்து அதிகத் தொலைவில் இருப்பதோ ஈக்வடாரின் சிம்பொராசோ உச்சி. பூமி நடுவில் சற்றே பருத்திருப்பதால் அதற்குக் கிடைத்த அனுகூலம் அது. எவரெஸ்டை ஜார்ஜ் எவரெஸ்ட் கண்டுபிடித்தார் என்று எழுதுவது இன்னொரு பிழை. அவர் இந்தியாவின் தலைமை நில அளவையாளராக இருந்தவர்; அவருக்குப் பின் அந்தப் பதவிக்கு வந்த ஆண்ட்ரூ வா முன்மொழிந்த பெயர் அது. எவரெஸ்டே அதை ஆட்சேபித்தார். திபெத்தியர்கள் அந்த மலையைச் சோமோலுங்மா என்று முன்பே அழைத்துவந்தார்கள்.

என் அனுபவத்தில் ஆபத்தான சொல் ‘முதன்முதலில்’.

1336 ஏப்ரல் 26 அன்று இத்தாலியக் கவிஞர் பெட்ரார்க் தன் தம்பியோடு பிரான்சின் மோன் வான்டூ மலையில் ஏறியதாக ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். ‘காட்சியைப் பார்ப்பதற்காகவே மலையேறிய முதல் மனிதர்’ என்ற பட்டத்தைப் பல கட்டுரைகள் இதை வைத்து அவருக்குக் கொடுத்துவிட்டன. கடிதத்தை ஒருமுறை படித்தாலே அந்தப் பட்டம் கழன்றுவிடும். வழியில் ஒரு கிழட்டு ஆட்டிடையர் அவர்களைத் தடுக்கப் பார்க்கிறார். ஐம்பது வருஷத்துக்கு முன்னால் இளமை வேகத்தில் தானும் உச்சிவரை போனதாகவும், கிடைத்ததெல்லாம் களைப்பும் வருத்தமும், பாறையிலும் முள்ளிலும் கிழிந்த உடம்பும் உடையும்தான் என்றும் சொல்கிறார். ஆக, பெட்ரார்க்குக்கு முன்னால் ஏறிய ஆளை பெட்ரார்க்கே நமக்குக் காட்டிவிட்டார்; நாம்தான் இடையரைக் கணக்கில் சேர்ப்பதில்லை. அந்தக் கடிதமே பல ஆண்டுகள் கழித்து எழுதப்பட்டது என்று ஆய்வாளர்கள் கருதுவது தனிக் கதை.

இதே பிழையின் பெரிய வடிவம், மலையேற்றம் ஐரோப்பாவில் பிறந்தது என்பது. அர்ஜென்டினா-சிலி எல்லையில் 6,739 மீட்டர் உயரமுள்ள யுயையாகோ எரிமலையின் உச்சியருகே, 1999இல் தென் அமெரிக்காவின் பழைய இன்காப் பேரரசைச் சேர்ந்த மூன்று குழந்தைகளின் உடல்கள் கிடைத்தன. சுமார் 500 ஆண்டுகளுக்கு முன் சடங்கில் பலியிடப்பட்ட குழந்தைகள். நவீனக் கருவி எதுவும் இல்லாமல் இன்காக்கள் அவ்வளவு உயரத்துக்குப் போய், அங்கே மேடையும் கட்டியிருக்கிறார்கள். ‘பதிவானவற்றில் முதல் ஏற்றம்’ என்று எழுதினால் போதும், பிழையும் வராது, யாரையும் அழித்ததாகவும் ஆகாது.

பதிவு இருந்தாலும் பெயர் அழியும் என்பதற்கு ஆல்ப்ஸின் மோன் பிளாங் சிகரம் சாட்சி. 1786 ஆகஸ்ட் 8 அன்று அதன் உச்சியை முதலில் தொட்டவர்கள் இருவர்: பால்மா, மருத்துவர் பக்கார். 1887இல் ஷாமொனி ஊரில் வைத்த சிலையில் பால்மா இருக்கிறார்; அவர் பக்கத்தில் நிற்பது பக்கார் அல்ல, ஏறியவருக்குப் பரிசு அறிவித்திருந்த அறிஞர் சொசூர். பக்காருக்குச் சிலை வர 1986 ஆயிற்று!

அப்புறம் அந்தப் புகழ்பெற்ற படம். 1953 மே 29 அன்று எவரெஸ்ட் உச்சியில் பனிக்கோடரியை உயர்த்தி, கொடிகள் பறக்க, முகமூடியோடு ஒருவர் நிற்பார். ஒருமுறை அதற்கு ‘உச்சியில் ஹிலாரி’ என்று விளக்கம் எழுதித் தந்து மாட்டிக்கொண்டேன். நிற்பவர் டென்சிங் நார்கே, எடுத்தவர் ஹிலாரி. உச்சியில் ஹிலாரியின் படம் கிடையவே கிடையாது. டென்சிங்கைச் சொன்னதும் நினைவுக்கு வருவது: ஷெர்ப்பா என்பது வேலையின் பெயர் அல்ல, ஒரு மக்களினத்தின் பெயர். ‘சுமை தூக்கும் ஷெர்ப்பாவாகச் சேர்ந்தார்’ என்று எழுதுவது சரியில்லை.

ஓவியத்துக்கு வந்தால், ஜப்பானிய ஓவியர் ஹொகுசாயின் ‘பேரலை’யைக் கடல் ஓவியம் என்றே பலர் அறிமுகப்படுத்துகிறார்கள். அது ஃபுஜி மலையைப் பற்றிய வரிசையில் ஒரு படம். நகம்போல் வளைந்த அலைக்குக் கீழே, படகுகளுக்குப் பின்னால், இன்னொரு சின்ன அலையோ என்று ஏமாற்றும்படி வெள்ளைத் தலையோடு ஃபுஜி உட்கார்ந்திருக்கிறது. வரிசையின் பெயர் ‘முப்பத்தாறு காட்சிகள்’. நன்றாக விற்றதால் பத்து சேர்த்தார்கள், மொத்தம் 46. ஜெர்மன் ஓவியர் ஃப்ரீட்ரிஷ் 1818 வாக்கில் வரைந்த, பனிமூட்டத்துக்கு மேலே முதுகு காட்டி நிற்கும் மனிதரையும் ஆல்ப்ஸில் கொண்டுபோய் நிறுத்திவிடுகிறோம். அந்தப் பாறைகள் ஜெர்மனியின் எல்பே மணற்கல் மலைப்பகுதியில் வெவ்வேறு இடங்களில் எடுத்த கோட்டுச் சித்திரங்களை ஓவியக்கூடத்தில் சேர்த்துக் கட்டியவை. சீன மலை ஓவியத்துக்கு ‘தொலைவைக் காட்டும் முறை தெரியாமல் வரைந்தது’ என்று தீர்ப்பு எழுதுவது இதைவிட மோசம். 1072இல் மலை ஓவியம் ஒன்றை வரைந்த சீன ஓவியர் குவோ ஷி மூன்று பார்வைகளைப் பிரித்தே சொல்லியிருக்கிறார்: அடியிலிருந்து உச்சியை, முன்னிருந்து மலையின் பின்புறத்தை, அருகிலுள்ள மலையிலிருந்து தூரத்து மலைகளை. மூன்றையும் ஒரே பட்டில் அவர் சேர்க்கிறார். நாம் ஓர் இடத்தில் நின்று பார்க்கிறோம், அவர் நடந்துகொண்டே பார்க்கிறார்.

நம் பழம்பாடல்களை மேற்கோள் காட்டும்போது ஒரு சின்ன வழுக்கல் உண்டு. சங்கப் பாட்டில் ‘சாரல்’ வந்தால் உடனே தூறலாக்கிவிடுகிறோம். அங்கே அது மலைச்சரிவு. ‘வரை’ என்றால் மலை. குறிஞ்சி என்பதற்கு ‘மலையும் மலை சார்ந்த இடமும்’ என்று பள்ளியில் படித்தோம். எழுதும்போது அந்தச் ‘சார்ந்த இடம்’ காணாமல் போய்விடும். பாடலில் இருப்பது தினைப்புனமும் பரணும் கிளி ஓட்டும் பெண்ணும். ஆளில்லாத சிகரம் அல்ல. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 பூக்களைப் பெயர் சொல்லி அடுக்குகிறார். ‘பெயர் தெரியாத மலர்கள் பூத்துக் குலுங்கின’ என்று எழுதுமுன் அதை நினைத்துக்கொள்ளலாம்.

இனி, ஏறப் போகிறவர்களுக்கு. மேலே காற்றில் ஆக்ஸிஜன் சதவீதம் குறைகிறது என்பது தவறு. அது சுமார் 21 சதவீதமாகவே இருக்கும், குறைவது காற்றழுத்தம். உயரத்தில் காலியான தண்ணீர் பாட்டிலை இறுக்கி மூடிப் பையில் போடுங்கள். கீழே வந்து எடுத்தால், யாரோ கையால் கசக்கியதுபோல் நசுங்கிக் கிடக்கும். உடற்பயிற்சி செய்த உடம்பு என்றால் உயரநோய் வராது என்பதும் பொய், திடகாத்திரமானவர்கள் வேகமாக ஏறி வேகமாகப் படுத்துக்கொள்கிறார்கள். 3,000 மீட்டருக்கு மேல் போனால், இரவு தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாமலிருப்பது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஏறாமல் தங்குவது வழக்கம். தலைவலி, குமட்டல் வந்தால் மேலே ஏறக் கூடாது. தடுமாற்றமோ, சும்மா இருக்கும்போதே மூச்சுத்திணறலோ வந்தால் உடனே இறங்க வேண்டும்.

‘மலையை வென்றான்’ என்ற வாக்கியத்தையும் நான் இப்போதெல்லாம் அடித்துவிடுகிறேன். 1955இல் காஞ்சன்ஜங்காவில் முதலில் ஏறிய பிரவுனும் பேண்டும், சிக்கிம் மக்கள் அதைப் புனிதமாகக் கருதியதால் கொடுத்த வாக்குப்படி உச்சிக்குச் சற்றுக் கீழேயே நின்று திரும்பினார்கள். அவர்கள் வென்றார்களா தோற்றார்களா?

கடைசியாக, உச்சியைத் தொட்டதும் கட்டுரையை முடித்துவிடுவது. ஆல்ப்ஸின் மேட்டர்ஹார்ன் உச்சியை 1865 ஜூலை 14 அன்று முதலில் தொட்டவர்கள் ஏழு பேர். இறங்கும்போது ஒருவர் சறுக்க, கயிறு அறுந்து, நால்வர் விழுந்து இறந்தார்கள். மூவர் பிழைத்தார்கள், பிறகு விசாரணை நடந்தது. அறுந்த கயிற்றை அடிவாரத்து ஊரான செர்மாட்டின் அருங்காட்சியகத்தில் இன்றும் கண்ணாடிக்குப் பின்னால் வைத்திருக்கிறார்கள்.