மெயோதோ இவா: கறுப்பு வெள்ளையில் கயிறு காணாமல் போகும் விதங்கள்

ஜப்பானின் இசே நகரில், ஃபுதாமி கடற்கரையை ஒட்டி இரண்டு பாறைகள் அலைக்குள் நிற்கின்றன. பெரியது சுமார் 9 மீட்டர், சின்னது சுமார் 4 மீட்டர். வைக்கோலில் முறுக்கிய 5 தடித்த கயிறுகள் இரண்டையும் பிணைத்திருக்கின்றன. மெயோதோ இவா என்றால் தம்பதிப் பாறைகள்.

இவற்றைக் கறுப்பு வெள்ளையில் படமெடுப்பதில் முதல் தவறு கேமராவை எடுக்கும் முன்பே நேர்ந்துவிடுகிறது. பாறைகள்தாம் மூலவர் என்று நினைத்துவிடுகிறோம். கரையிலுள்ள ஃபுதாமி ஒகிதமா ஆலயத்தில் கைகூப்புகிறவர்கள் வணங்குவது, சுமார் 700 மீட்டர் தள்ளிக் கடலடியில் கிடக்கும் புனிதக் கல்லையும் உதிக்கும் சூரியனையும். பாறைகள் அதற்கு வாசல். நிலைக்கால்களை மட்டும் நெருக்கி எடுத்தால் அது வாசல் ஆகாது. நடுவிலுள்ள வெற்றுவெளிக்குப் படத்தில் இடம் வேண்டும். பெரிய பாறையின் உச்சியில் சிறிய தோரி (ஷிந்தோ ஆலயங்களின் நுழைவாயில்) ஒன்று இருக்கிறது. அவசரத்தில் அதன் தலையை வெட்டிவிடுகிறவர்கள் ஏராளம்.

அடுத்தது கயிறு. வண்ணப் படத்தில் வைக்கோலின் மஞ்சள் அதைக் காப்பாற்றிவிடும். கறுப்பு வெள்ளையிலோ மஞ்சள் கயிறும் நீலக் கடலும் ஒரே சாம்பலாகிவிடலாம். ஃபிலிம் என்றால் ஆரஞ்சு ஃபில்டர் போடுங்கள். கயிறு வெளிரும், கடல் கறுக்கும். டிஜிட்டலில் வண்ணத்தோடு ரா கோப்பாக, அதாவது கேமரா பதிந்த தகவலை அப்படியே வைத்திருக்கும் கோப்பாக எடுத்து, பிறகு மஞ்சளை ஏற்றி நீலத்தை இறக்கலாம். கேமராவிலேயே கறுப்பு வெள்ளை ஜேபெக் எடுத்தவருக்கு அந்த வழி அடைபட்டுவிடும். கயிற்றை ஆண்டுக்கு 3 முறை, மே, செப்டம்பர், டிசம்பர் மாதங்களில் மாற்றுகிறார்கள். புதுக்கயிறு கட்டிய கையோடு போனால் பாதி வேலை முடிந்தது.

தொடுவானக் கோடு கயிற்றை ஊடறுத்தாலும் சிக்கல்தான். இரண்டு கோடுகளும் பின்னிக்கொள்ளும். முழங்காலிட்டுக் கேமராவைத் தாழ்த்துங்கள். தொடுவானம் கீழிறங்க, கயிறு வானத்தில் தனியாகத் தெரியும்.

கடலைப் பால்போல் ஆக்க 30 விநாடி ஷட்டரைத் திறந்து வைப்பது இப்போது ஒரு வியாதியாகவே பரவியிருக்கிறது. பாறை அசையாது, கயிறும் அதில் தொங்கும் வைக்கோல் குஞ்சங்களும் காற்றில் ஆடும், கலங்கிப்போகும். அரை விநாடியே எனக்குப் போதும். அலையின் கீற்றும் கிடைக்கும், கயிற்றின் முறுக்கும் தப்பும். நீண்ட நேரம்தான் வேண்டுமென்றால் கயிற்றுக்காக வேகமான படம் ஒன்றைத் தனியே எடுத்துக்கொள்ளுங்கள்.

மே முதல் ஜூலை வரை இரு பாறைகளுக்கும் இடையே சூரியன் உதிக்கும். எல்லோரும் அதற்காகவே வருகிறார்கள். ஆனால் அப்போது வெளிச்சம் எதிரே இருப்பதால் பாறைகள் கறுப்புக் காகிதத்தில் வெட்டி ஒட்டியவைபோல் தட்டையாகிவிடும். கல்லின் வெடிப்பும் வரியும் வேண்டுமென்றால் பிற்பகலில் வாருங்கள். வெயில் உங்கள் முதுகுப்பக்கம் இருக்கும்.

கோடைக்கால நீள்பகல் நாளில் வெள்ளுடை அணிந்த பக்தர்கள் விடியலில் கடலுக்குள் இறங்கி நீராடுவார்கள். அன்று அவர்கள் வழியில் முக்காலியை விரித்து நிற்காதீர்கள். எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் விழும் ஒளியின் அளவை, அந்த வெள்ளுடைக்குப் பார்த்து வையுங்கள். வெளுத்துப்போன துணியின் மடிப்புகளை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது.