ரீசெட் போடுவதற்கு முன்னால்

போன வாரம் கடை திறந்த கொஞ்ச நேரத்தில், வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதமே ஆன பையன் ஒரு போனைக் கையில் வைத்துக்கொண்டு பவர் பட்டனையும் வால்யூம் பட்டனையும் சேர்த்து அழுத்திக்கொண்டிருந்தான். "இன்னாடா பண்ற?" என்றேன். "பேட்டர்ன் மறந்துட்டாராம்ணா, ரீசெட் போட்டுடலாம்னு..." என்றான். ரீசெட் போட்டால் போனுக்குள் இருப்பது எல்லாமே அழிந்துவிடும். போனைப் பிடுங்கி மேஜையில் வைத்தேன். கஸ்டமர் எதிரே டீ குடிக்கப் போயிருந்தார். அவரிடம் பையன் கேட்டிருந்தது ஒரே கேள்விதான்: "எப்போ வேணும் சார்?"

தண்டையார்பேட்டையில் பதிமூன்று வருடமாக மொபைல் சர்வீஸ் செய்கிறேன். என்னிடம் தொழில் கற்றுக்கொண்டு வியாசர்பாடியிலும் கொருக்குப்பேட்டையிலும் தனியாகக் கடை போட்ட பிள்ளைகள் இருக்கிறார்கள். ஸ்குரூவைத் தொலைப்பது, உள்ளே இருக்கிற மெல்லிய ஸ்ட்ரிப் வயரை அறுப்பது பற்றியெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. கை பழகினால் அது தானாகச் சரியாகிவிடும். சாஃப்ட்வேர் வேலையில் நடக்கும் தவறு அப்படி இல்லை. போன் பளிச்சென்று ஆன் ஆகும், ஆனால் உள்ளே இருந்தது போயிருக்கும். அதைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

கேட்காமல் ரீசெட் போடுவது

இதை நான் செய்திருக்கிறேன். 2021-இல், விம்கோ நகர் வரைக்கும் மெட்ரோ ஓட ஆரம்பித்த சமயம். விடியற்காலையில் காசிமேட்டில் மீன் எடுத்து தெருத்தெருவாக விற்கிற அம்மா ஒருவர் வந்தார். போன் கவரைக் கழற்றினால் உள்ளே ஒரு செதில் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. "நேத்து ராத்திரிலேர்ந்து தெறக்கல தம்பி, கோடு போட்டா தப்புன்னுது" என்றார். பேட்டர்ன் மறந்துவிட்டார் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். பட்டன்களை அழுத்தினால் போனைத் திறக்காமலே வருகிற ரெக்கவரி மெனுவுக்குப் போய் எல்லாவற்றையும் அழித்தேன். பத்து நிமிட வேலை, இருநூறு ரூபாய்.

போன் மறுபடி ஆன் ஆனதும், இதில் முன்பு இருந்த கூகுள் கணக்கைப் போடு என்று கேட்டது. "உங்க மெயில் ஐடி என்னம்மா?" என்றேன். அப்படி ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. போன் வாங்கிய கடையில் ஒரு பையன் ஏதோ ஒரு பெயரில் கணக்கைப் போட்டுக் கொடுத்து அனுப்பியிருக்கிறான். மீட்பதற்கான நம்பரையும் சேர்க்கவில்லை.

சாயங்காலம் பேரனையும் கூட்டிக்கொண்டு வந்தார். ஏழாவது படிக்கிற பையன். பள்ளிக்கூடம் மூடியிருந்த காலம், பாட்டி போனில்தான் ஆன்லைன் வகுப்பு. தங்கச்சி எடுத்து விளையாடுகிறாள் என்று முந்தின ராத்திரி அவன்தான் பேட்டர்னை மாற்றியிருக்கிறான். என்ன பேட்டர்ன் என்று கேட்டதும், கவுண்டர் கண்ணாடி மேல் விரலை வைத்துக் கீழே இழுத்து, வலப்பக்கம் திருப்பி ஒரு 'ப' போட்டுக் காட்டினான். அவன் வீடு என் கடையிலிருந்து இரண்டு தெரு தள்ளி. நான் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், நடந்தே போய்க் கூட்டி வந்திருக்கலாம்.

அதற்கு மேல்தான் விஷயமே இருக்கிறது. அந்த அம்மா இருபது பேரை வைத்துச் சீட்டு பிடித்துக்கொண்டிருந்தார். எழுதப் படிக்கத் தெரியாது. யார் பணம் கொடுத்தாலும் போனில் இருக்கிற ரெக்கார்டரை ஆன் செய்து, "மாடி வூட்டுக்காரி ரெண்டாயிரம் குட்த்துட்டா, தையக்காரர் ஆயிரம் பாக்கி" என்று பேசிப் பதிவு செய்வார். பதினொரு மாதக் கணக்கு, முழுவதும் அவர் குரலில். அத்தனையும் என் கையால் போனது.

அப்புறம் அவர் வீடு வீடாகப் போய்க் கேட்டார். பெரும்பாலானவர்கள் நேர்மையாகச் சொன்னார்கள். மூன்று பேர் கணக்கு மட்டும் கடைசி வரைக்கும் ஒத்துவரவில்லை. எட்டாயிரம் ரூபாய் கையை விட்டுப் போனது. அதில் நான்காயிரத்தை நான் கொடுத்தேன். மீதி அவர் தலையில் விழுந்தது.

இது ஏன் மீட்க முடியாத தவறு என்று தொழில் கற்கிறவர்கள் புரிந்துகொள்ள வேண்டும். இப்போதைய போன்களில் தகவல் எதுவும் திறந்தபடி கிடப்பதில்லை. எல்லாம் குறியாக்கம் செய்யப்பட்டிருக்கும், அதற்கான சாவியும் போனுக்குள்ளேயே இருக்கும். ஆண்ட்ராய்டு 10-உடன் வெளிவந்த போன்களில் இது கட்டாயம், அதற்கு முந்தைய பல போன்களிலும் உண்டு. ரீசெட் போட்டால் அந்தச் சாவியே அழிந்துவிடும். மெமரியில் எழுத்துகள் மிச்சம் இருந்தாலும் அவற்றைப் படிக்க வழியில்லை. ரீசெட் போட்ட போனிலிருந்து போட்டோவை எடுத்துத் தருகிறேன் என்று காசு வாங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது. மெமரி கார்டில் இருந்ததை வேண்டுமானால் மீட்கலாம், போனுக்குள் இருந்தது வராது.

கூகுள் கணக்கைக் கேட்கிற பூட்டுக்குத்தான் எஃப்.ஆர்.பி. (ஃபேக்டரி ரீசெட் புரொடெக்‌ஷன்) என்று பெயர். 2015-இல் ஆண்ட்ராய்டு 5.1-உடன் வந்தது. திருடியவன் போனை அழித்துவிட்டு விற்கக்கூடாது என்பதற்காக வைத்தது. போனைத் திறந்து செட்டிங்ஸ் வழியாக ரீசெட் போட்டால் இந்தப் பூட்டு விழாது, ஏனென்றால் அங்கே பின்னையோ பேட்டர்னையோ கேட்டுவிட்டுத்தான் அழிக்கும். வெளியே இருந்து பட்டனை அழுத்தி, ரெக்கவரி வழியாக அழித்தால் விழும். அதாவது நாம் செய்த வேலை திருடன் செய்கிற வேலை மாதிரியே போனுக்குத் தெரிகிறது. அந்த அம்மா பில்லை பீரோவில் வைத்திருந்ததால், கம்பெனி சர்வீஸ் சென்டரில் அடையாளச் சான்றோடு கொடுத்து ஒன்பது நாள் கழித்துப் போனை வாங்கினோம். பில் இல்லாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே கஷ்டமாக இருக்கிறது.

இப்போது என் கடையில் பேட்டர்ன் மறந்துவிட்டது என்று யார் வந்தாலும் முதல் கேள்வி, "வீட்டில் வேறு யார் இந்தப் போனை எடுப்பார்கள்?" என்பதுதான். பிள்ளைகள் இருக்கிற வீட்டில் பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும். அடுத்து, இதில் இருக்கிற மெயில் ஐடியும் பாஸ்வேர்டும் தெரியுமா என்று கேட்டு, கடை கம்ப்யூட்டரில் அவரையே உள்ளே போகச் சொல்லுவேன். உள்ளே போக முடிந்தால் போட்டோ, நம்பர் எல்லாம் அங்கே ஏறியிருக்கிறதா என்று அவர் கண்ணாலேயே பார்க்கட்டும். பாஸ்வேர்டை அப்போதுதான் மாற்றினார் என்றால் ரீசெட்டுக்கு 24 மணி நேரம் காத்திருக்கச் சொல்கிறது கூகுள். இன்றைக்கு முடியாது, நாளைக்கு வாங்க என்று சொல்ல வெட்கப்படாதீர்கள்.

கடைசியாக, போட்டோவைத் தவிர வேறு என்ன உள்ளே இருக்கிறது என்று கேளுங்கள். கூகுள் போட்டோஸ் படத்தையும் வீடியோவையும் மட்டும்தான் ஏற்றி வைக்கும். ரெக்கார்டரில் பேசியது அதில் போகாது. "பேக்கப் இருக்குப்பா" என்று கஸ்டமர் சொன்னதோடு விட்டுவிட்டால், அந்த அம்மாவுக்கு நடந்ததுதான் மறுபடி நடக்கும். எல்லாம் கேட்ட பிறகும் அழித்துத்தான் ஆக வேண்டும் என்றால், அவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, அவர் விரலாலேயே அழுத்தச் சொல்லுங்கள்.

பின் நம்பரை ஒட்டி வைப்பது

போன் முதுகில் பேப்பர் ஒட்டி அதில் லாக் நம்பரை எழுதி வைப்பது எல்லாக் கடையிலும் நடக்கிறது. டிஸ்ப்ளே மாற்ற அந்த நம்பர் எதற்கு? டச் வேலை செய்கிறதா என்று அவசர அழைப்புத் திரையிலேயே பார்த்துவிடலாம். நம் ஆட்களில் பலர் போன் லாக்குக்கும் ஏ.டி.எம்.முக்கும் யு.பி.ஐ.க்கும் ஒரே நம்பரைத்தான் வைத்திருக்கிறார்கள். கடைக்கு வந்து போகிற யாராவது அந்தப் பேப்பரைப் பார்த்தால் என்ன ஆகும்? போனைத் திறந்து பார்த்தே ஆக வேண்டிய வேலை என்றால், புதிய சாம்சங் போன்களில் மெயின்டனன்ஸ் மோடும், பிக்சலில் ரிப்பேர் மோடும் இருக்கின்றன. கஸ்டமரையே அதைப் போட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள். போன் வேலை செய்யும், அவருடைய படமும் மெசேஜும் நம் கண்ணில் படாது. பெண் பிள்ளைகள் போனைக் கொடுக்கத் தயங்குவதற்கு நம் தொழிலில் இருப்பவர்களே காரணம். அதை நாம்தான் மாற்ற வேண்டும்.

ஐ.எம்.இ.ஐ. நம்பரை மாற்றுவது

ஐ.எம்.இ.ஐ. என்பது ஒவ்வொரு போனுக்கும் இருக்கிற தனி அடையாள எண். அதை மாற்றவே கூடாது. 2023 தொலைத்தொடர்புச் சட்டப்படி மூன்று ஆண்டு வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

பத்திரிகை என்று வந்த ஏ.பி.கே.-வை அழித்துவிட்டு அனுப்புவது

வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை, டிராஃபிக் அபராதம் என்று ஒரு ஏ.பி.கே., அதாவது ஆப்பை இன்ஸ்டால் செய்கிற ஃபைல், வருகிறது. தொட்டு இன்ஸ்டால் செய்துவிட்டுப் பயந்துபோய் ஓடி வருகிறார்கள். பையன்கள் அந்த ஆப்பை மட்டும் அழித்துவிட்டு "சரியாயிடுச்சு" என்று அனுப்பிவிடுகிறார்கள். சரியாகவில்லை. முதலில் ஃபிளைட் மோடில் போடுங்கள். செட்டிங்ஸில், திரையைப் படிக்கவும் இயக்கவும் ஆப்புக்கு அனுமதி தருகிற அக்ஸசிபிலிட்டியில் எந்த ஆப்புக்கு அனுமதி இருக்கிறது, போனைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் தருகிற டிவைஸ் அட்மினில் எது உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்து எடுத்துவிட்டு, அப்புறம் ஆப்பை அழியுங்கள். பிறகு ஃபிளைட் மோடை எடுத்துவிட்டு, வாட்ஸ்அப்பின் லிங்க்டு டிவைசஸில் தெரியாத கம்ப்யூட்டர் இருந்தால் வெளியேற்றுங்கள். கால் ஃபார்வர்டு ஆகிறதா என்று *#21# போட்டுப் பாருங்கள், ஆகிறது என்றால் ##002# போட்டால் எல்லாம் ரத்தாகும். பணம் போயிருந்தால் இதற்கெல்லாம் முன்னால், வேறொரு போனிலிருந்து சைபர் குற்ற உதவி எண் 1930-க்கும் வங்கிக்கும் பேச வையுங்கள். அங்கே நிமிடக் கணக்குதான் முக்கியம்.

பழைய வெர்ஷனுக்கு இறக்குவது

போனின் ஆண்ட்ராய்டைப் பழைய வெர்ஷனுக்கு இறக்குவதைத் தடுக்கும் பாதுகாப்பு பல போன்களில் இருக்கிறது. மீறி ஃபிளாஷ் செய்தால், அதாவது சாஃப்ட்வேரை ஏற்றினால், போன் டெட் ஆகிவிடலாம்.

சிம் பின்னை ஊகித்துப் போடுவது

மூன்று முறை தப்பானால் பி.யு.கே., அதாவது சிம் கம்பெனி தருகிற திறப்பு எண், கேட்கும். அதிலும் பத்து முறை தப்பானால் சிம்மைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

நாமே ஒரு மெயில் ஐடி போட்டுக் கொடுப்பது

புது போன் வாங்கினவர் "நீயே எல்லாம் போட்டுக் குடுப்பா" என்பார். ஐந்து நிமிடத்தில் வாய்க்கு வந்த பெயரில் ஒரு கணக்கு, நமக்குப் பழகின ஒரு பாஸ்வேர்டு. இப்படி நூறு பேருக்கு ஒரே பாஸ்வேர்டு போட்ட கடைகளை எனக்குத் தெரியும். முதலில் அவருக்கு ஏற்கெனவே கணக்கு இருக்கிறதா என்று அவர் நம்பரை வைத்துத் தேடுங்கள். இல்லையென்றால் அவர் பெயரிலேயே புதிதாகத் தொடங்கி, அவர் நம்பரோடு மகனோ மகளோ யாருடைய மெயிலையாவது மீட்புக்குச் சேருங்கள். பாஸ்வேர்டை அவரே யோசித்து, அவரே அடிக்கட்டும், நாம் திரும்பிக்கொள்வோம். மெயில் ஐடியைப் போன் பில்லின் பின்பக்கம் அவர் கையால் எழுதச் சொல்லுங்கள். எழுதத் தெரியாதவர் என்றால், வீட்டில் எழுதத் தெரிந்தவரைக் கூட்டி வரச் சொல்லுங்கள். அவர் வரும் வரைக்கும் போன் கடையில் இருக்கட்டும்.