வீட்டு வாசலுக்கு ரூன் காப்பு செதுக்குறது எப்படி

ரூன்னா வட ஐரோப்பாவுல அந்த காலத்துல மரத்துலயும் கல்லுலயும் செதுக்குன எழுத்து. ரூன் காப்புன்னு நெட்ல தேடுனா முதல்ல வந்து நிக்கிறது அல்கிஸ்ங்கிற ஒத்தை எழுத்துதான், ஒரு நேர்கோடு, உச்சியில ரெண்டு பக்கமும் கிளை, இதை கதவுல மாட்டிட்டா கெட்டது எதுவும் படியேறாதுன்னு விக்கிறவங்க எல்லாரும் சொல்லுவாங்க. பழைய இங்கிலீஷ் ரூன் பாட்டுல இந்த எழுத்துக்கு சொல்லியிருக்கிறது சதுப்பு நிலத்துல வளர்ற ஒரு கோரைப்புல்லை, பிடிக்கிறவன் கையை அறுத்து ரத்தம் வர வைக்கும்னு, அவ்வளவுதான். வீட்டுக் காவல்ங்கிறதெல்லாம் ரொம்ப பின்னாடி வந்தவங்க சேர்த்தது. அப்புறம் வெக்விசிர்னு எட்டு கை வச்ச ஒரு டிசைன் இருக்கே, வைக்கிங் காம்பஸ்னு டீ-ஷர்ட்ல எல்லாம் போடுறாங்களே, அது ரூனே கிடையாது, 1860-ல ஐஸ்லாந்துல எழுதுன ஒரு கையெழுத்துப் பிரதியில வர்றது, வைக்கிங் காலம் முடிஞ்சு எட்டு நூற்றாண்டு கழிச்சு.

அப்போ நிஜமா அந்த காலத்து ஆளுங்க என்னதான் பண்ணாங்கன்னு கேட்டா, நிறைய காப்புகள்ல எழுதினது ஒத்தை எழுத்து இல்லை, வாக்கியம். ஸ்வீடன்ல ஓலாண்ட் தீவுல க்வின்னபிங்கிற இடத்துல ஒரு சின்ன செம்புத் தகடு கிடைச்சுது, 11-ம் நூற்றாண்டு, அஞ்சு சென்டிமீட்டர் சதுரம்தான் இருக்கும், கோத்து மாட்டிக்க ஓட்டை கூட இருக்கு. அதுல போஃபின்னு ஒருத்தன் பேரைச் சொல்லி, தோர்ங்கிற இடி கடவுள் அவனை தன் சுத்தியலால காக்கட்டும்னு எழுதியிருக்கு. யாரைக் காக்கணும், யார் காக்கணும், எதை வச்சு, எல்லாமே அந்த விரல் நீளத் தகட்டுக்குள்ள. நாமளும் அந்த வழியிலேயே போவோம், கடையில வாங்குற, ரூன் வரைஞ்ச கூழாங்கல் பாக்கெட்டை விட இது நூறு மடங்கு மேல்ங்கிறது என் கருத்து.

எழுத வேண்டிய வாசகத்துக்கு நாம கற்பனை பண்ண வேண்டியதில்லை. டென்மார்க்ல ஃபூன் தீவுல கிளாவென்ட்ரூப் கல்வெட்டு இருக்கு, 10-ம் நூற்றாண்டு, அந்த நாட்டுலயே நீளமான ரூன் கல்வெட்டு அதுதான், அதுல "துர் விகி"ன்னு ஆரம்பிச்சு இந்த ரூன்களை தோர் புனிதமாக்கட்டும்னு ஒரு வரி வரும். அந்த முதல் ரெண்டு வார்த்தை போதும், "தோர் புனிதமாக்கட்டும்"னு அர்த்தம். வைக்கிங் கால வரிசையில மொத்தம் 16 எழுத்துதான், க-வுக்கும் அழுத்தி சொல்ற க-வுக்கும் ஒரே எழுத்து, ஓ-வுக்கு தனி எழுத்து இல்லாததால உ-வை போட்டுக்குவாங்க, வ-வுக்கும் அதே உ எழுத்துதான், அதனால நமக்கு வர்றது ஏழே ஏழு எழுத்து: துர்ஸ், ஊர், ரைத், ஒரு சின்ன இடைவெளி, மறுபடி ஊர், ஈஸ், கௌன், ஈஸ்.

வடிவம் சொல்றேன். துர்ஸ்னா நேர்கோடு, நடுவுல வலது பக்கம் முள்ளு மாதிரி ஒரு முக்கோணம் துருத்திட்டு இருக்கும். ஊர்னா நேர்கோட்டோட உச்சியில இருந்து இன்னொரு கோடு வலது பக்கமா சாய்ஞ்சு கீழ வரைக்கும் இறங்கும். ரைத் அப்படியே இங்கிலீஷ் ஆர். ஈஸ் வெறும் கோடு. கௌன்னா நேர்கோட்டு நடுவுல இருந்து வலது பக்கம் மேல ஏறுற ஒரு கிளை. வீட்ல இருக்கிறவங்க பேரை பின்பக்கம் சேர்க்கணும்னா தாராளமா சேர்க்கலாம், போஃபி பேரு இருந்த மாதிரி, ஆனா 16 எழுத்துக்குள்ள அடங்கணும், ட-வும் த-வும் ஒண்ணாயிடும், ப-வும் அழுத்தி சொல்ற ப-வும் ஒண்ணாயிடும், அதுக்கெல்லாம் கவலைப்படாதீங்க, அவங்களும் அப்படித்தான் எழுதுனாங்க.

மரம் ரோவன் (ஐரோப்பாவுல வளர்ற, சிவப்பு பழம் காய்க்கிற சின்ன மரம்) கிடைச்சா ரொம்ப விசேஷம், ஆத்துல அடிச்சுட்டுப் போகப்போன தோர் கரையில இருந்த ரோவனைப் பிடிச்சு ஏறித் தப்பிச்சார்னு 13-ம் நூற்றாண்டு ஐஸ்லாந்து எழுத்தாளர் ஸ்னோரி எழுதி வச்சிருக்கார். கிடைக்கலன்னா பைன் போதும். நார்வேல பெர்கன் ஊர்ல பிரிக்கன் துறைமுகப் பகுதி 1955-ல தீப்பிடிச்சு எரிஞ்ச பிறகு தோண்டுனதுல ரூன் எழுதின பொருள்கள் 600-க்கு மேல கிடைச்சுது, பெரும்பாலும் சாதாரண மரக்குச்சி, மந்திரமும் உண்டு, சரக்கு மூட்டையில கட்டுற பேர்ச்சீட்டும் உண்டு, "வீட்டுக்கு வரச் சொல்றா கீதா"ன்னு ஒரு குச்சி கூட உண்டு (நம்ம கீதா இல்ல, அங்க அது ஒரு பொம்பளைப் பேரு). யூ மரத்தையும் அந்த காலத்துல பயன்படுத்தியிருக்காங்க ஆனா அது விஷம், தூள் மூக்குல போகக்கூடாது, வேண்டாம்.

ஒரு சாண் நீளம் ரெண்டு விரல் அகலம் குச்சி எடுத்து ஒரு பக்கத்தை தட்டையா சீவிக்கோங்க. முதல்ல பென்சில்ல ஏழு நேர்கோடு மட்டும் போடுங்க, மரத்தோட நார் ஓடுற திசைக்குக் குறுக்கே, ரெண்டாவதும் நாலாவதும் ஊர் எழுத்து, அதுக்கு வலது பக்கம் இடம் கூட விடணும், மூணாவது எழுத்து முடிஞ்சதும் அந்த இடைவெளியில வார்த்தையைப் பிரிக்க ரெண்டு புள்ளி வைக்கவும் இடம் வேணும். நார் போற திசையிலேயே கோடு எதுவும் வரக்கூடாது, வந்தா கத்தி வழுக்கி மரம் பிளந்துக்கும் இல்ல கோடு நாரோட கலந்து கண்ணுக்கே தெரியாது, ரூன்ல படுக்கைக் கோடு இல்லாததுக்கு காரணமா சொல்றதும் இதைத்தான். கத்தியை சாய்ச்சு ஒரு பக்கம் ஒரு வெட்டு, எதிர்ப்பக்கம் சாய்ச்சு இன்னொரு வெட்டு, நடுவுல இருக்குற சில்லு தானா எகிறி வந்துடும். நேர்கோடு ஏழும் முடிஞ்ச பிறகுதான் கிளைகள். ஒவ்வொரு எழுத்து முடிக்கும்போதும் அதோட சத்தத்தை வாய்விட்டு சொல்லுங்க, செதுக்கத் தெரியுமா படிக்கத் தெரியுமா வண்ணம் தீட்டத் தெரியுமான்னு ஹாவமால்ங்கிற பழைய நார்ஸ் கவிதை வரிசையா கேக்குது.

வண்ணம்னா சிவப்பு. ரத்தம் தேய்க்கச் சொல்ற வீடியோ எல்லாம் பாத்திருப்பீங்க, தேவையே இல்லை, அது பழுப்பாகி நாத்தமும் அடிக்கும். காவிக்கல் பொடியை ஆளிவிதை எண்ணெயில குழைச்சா அருமையா வரும். ஆனா அதுக்கு முன்னாடி குச்சி முழுக்க வெறும் எண்ணெய் ஒரு தடவை தடவி காய விடுங்க, இல்லைன்னா காவி நாருக்குள்ள பரவி எழுத்து கசிஞ்ச மாதிரி ஆயிடும். பள்ளத்துல காவியை நிரப்பி, நல்லா காஞ்சதும் மேல உப்புத்தாள் போட்டு தேய்ச்சா பள்ளத்துல மட்டும் சிவப்பு நிக்கும். எண்ணெய் துடைச்ச துணியை மட்டும் சுருட்டி மூலையில போடாதீங்க, அது தானாவே தீப்பிடிக்கும், விரிச்சு வெளியில காயப்போடுங்க.

மாட்டுற இடம் நிலைப்படிக்கு மேல, உள்பக்கமா. ஸ்காண்டிநேவியால கிராமத்துல வாசலுக்கு மேல கத்தியோ இரும்போ சொருகி வைக்கிற பழக்கமும் இருந்துது, அதை வேணா கூட சேர்த்துக்கலாம், பூட்டு சரியா இருக்கான்னும் பாத்துக்கோங்க.

வெளிப்பக்கம் மாட்ட வேண்டாம்னு சொல்றதுக்கு ஒரு காரணம் இருக்கு. வீட்டுக்கு ஓத்தலா ரூன்தான் பொருத்தம்னு பல பேர் சொல்லுவாங்க, டைமண்ட் வடிவத்துக்கு கீழ ரெண்டு கால் வச்ச மாதிரி இருக்கும். அதை நாஜி எஸ்எஸ் படைப்பிரிவு ஒண்ணு சின்னமா வச்சிருந்துது, இப்பவும் நவநாஜி கும்பல்கள் போடுறானுங்க. மின்னல் மாதிரி இருக்கிற சோவிலோ எழுத்தை ரெண்டா சேர்த்துப் போட்டா அது எஸ்எஸ் முத்திரையேதான், ஜெர்மனியில போட்டா சட்டப்படி குத்தம். நீங்க நல்ல எண்ணத்துல மாட்டினாலும் பக்கத்து வீட்டுக்காரங்களுக்கு அது தெரியாது, ரெண்டையும் தொடாதீங்க.

எழுத்து தப்பிப்போச்சுன்னா மேலயே திருத்தி எழுதாதீங்க. எகில்ங்கிற வீரனைப் பத்தின பழைய ஐஸ்லாந்து கதையான எகில் சாகாவுல ஹெல்கான்னு ஒரு பொண்ணு படுத்த படுக்கையா கிடக்குறா, அவ படுக்கைக்குள்ள அரைகுறையா தெரிஞ்ச ஒரு பையன் ரூன் செதுக்கி வச்ச திமிங்கல எலும்பு இருக்கு, எகில் அந்த எழுத்தை சுரண்டி எடுத்து நெருப்புல போட்டு, எலும்பையும் எரிச்சு, படுக்கைத் துணியை எல்லாம் காத்தாட விட்டுட்டு, அப்புறம்தான் புதுசா செதுக்கி தலையணைக்கு அடியில வைக்கிறார். அதனால சீவி எடுத்த சில்லு, பழைய குச்சி எல்லாத்தையும் எரிச்சுட்டு வேற குச்சி எடுங்க. வாடகை வீடு மாறும்போதும் இதையே பண்ணலாம், பேர் எழுதியிருந்தா கண்டிப்பா விட்டுட்டு வராதீங்க.