அப்பா அம்மாவை அரிசோனா ராஞ்ச்ல நாலு நாள் தங்க வைக்கிறது எப்படி

ஊர்லேர்ந்து அமெரிக்காவுக்கு வர்ற அப்பா அம்மாவை நாம என்ன பண்றோம், லாஸ் வேகாஸ், கிராண்ட் கேன்யன், செடோனானு ஒரே வாரத்துல கார்லயே வச்சு சுத்தி, மூணாவது நாள் அவங்களுக்கு கால் வீங்கி, "நீங்க போய் பார்த்துட்டு வாங்கப்பா, நான் கார்லயே இருக்கேன்"னு சொல்ற நிலைமைக்கு கொண்டுவந்துடுறோம். நாங்களும் ஒரு தடவை அப்படித்தான் பண்ணோம். அடுத்த தடவை வந்தப்ப டூசான் பக்கத்துல ஒரு ராஞ்ச்ல நாலு நாள், ஒரே ரூம், பெட்டியை ஒரு தடவைதான் பிரிச்சோம்.

டியூட் ராஞ்ச்னா பழைய மாட்டுப்பண்ணை மாதிரி இடத்துல விருந்தாளிகளை தங்க வைக்கிறது. பெரும்பாலும் சாப்பாடு, குதிரை சவாரி எல்லாம் ஒரே ரேட்டுக்குள்ள வந்துடும்.

ஸ்டெப் 1: மாசம் பாருங்க

அக்டோபர் கடைசிலேர்ந்து ஏப்ரல் வரைக்கும்தான். ஜூன்ல 40 டிகிரிக்கு மேல போகும், சில ராஞ்ச் கோடையில மூடியே வச்சிருப்பாங்க. ஆனா பிப்ரவரில பகல்ல இதமா இருக்கேன்னு நம்பிடாதீங்க, பொழுது சாஞ்சதும் சில்லுனு ஆயிடும், ஸ்வெட்டர், குல்லா கட்டாயம்.

ஸ்டெப் 2: உயரம் பாருங்க

இதை யாரும் யோசிக்கிறதே இல்ல. டூசான் சுமார் 2,400 அடி, ஆனா நியூ மெக்சிகோவோட சாண்டா ஃபேவும் கிராண்ட் கேன்யனோட சவுத் ரிம்மும் (தெற்கு விளிம்பு) 7,000 அடி சுமாருக்கு இருக்கு. இதயம், மூச்சு பிரச்சினை இருக்கிறவங்களுக்கு அந்த உயரம் உடம்புல தெரியும். அதனால முதல் தடவைக்கு என் ஓட்டு டூசான், இல்லன்னா ஃபீனிக்ஸுக்கு வடமேற்கே இருக்கிற விக்கன்பர்க். டூசான்ல டாங்கே வெர்டே ராஞ்ச் 1868லேர்ந்து இருக்கு, ஒயிட் ஸ்டாலியனும் பேர் போனது. ரேட்டு மலிவில்ல, முன்னாடியே சொல்லிடுறேன்.

ஸ்டெப் 3: போன் பண்ணி கேளுங்க

ஆன்லைன்ல புக் பண்றதுக்கு முன்னாடி ஒரு போன் போடுங்க. ரூமுக்கும் சாப்பிடுற ஹாலுக்கும் எவ்வளவு தூரம், பாதை சரளைக்கல்லா சிமெண்டா, பாத்ரூம்ல கைப்பிடி இருக்கா, இதெல்லாம் கேளுங்க. குறைஞ்சது எத்தனை நைட்டுனும் கேளுங்க, சீசன்ல மூணு நாலு நைட்டுக்கு குறைச்சு பல பேர் தரமாட்டாங்க.

சைவம்னா வெறும் "வெஜிடேரியன்"னு சொல்லி விட்டுடாதீங்க. அந்தப் பக்கம் மசிச்ச பீன்ஸை பன்றிக்கொழுப்புல தாளிக்கிற பழக்கம் உண்டு, சூப்ல சிக்கன் தண்ணி இருக்கும், இந்த ரெண்டையும் பேர் சொல்லியே கேக்கணும். நாங்க இதை கேக்காம விட்டு, அம்மா முதல் நாள் ராத்திரி ரொட்டியும் ஆப்பிளும்தான் சாப்பிட்டாங்க. மறுநாள் சமையல்காரர்கிட்ட சொன்னதும் தனியா பண்ணிக் குடுத்துட்டாங்க, கூட நம்ம பருப்புப்பொடியும் ஊறுகாயும் கைகுடுத்துச்சு.

ஸ்டெப் 4: குதிரை ஏறணுமா?

வேணாம்னா வேணாம், கட்டாயம் கிடையாது. ஏறணும்னு ஆசைப்பட்டா டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு, "நடை மட்டும்" போற சவாரிக்கு பேர் குடுங்க. பல இடத்துல எடை வரம்பு 100, 110 கிலோ பக்கம் இருக்கும். ஏறுறதுக்கு படிக்கட்டு மாதிரி மேடை வச்சிருப்பாங்க. ஏறும்போது ஒண்ணும் தெரியாது, இறங்கும்போதுதான் முட்டி சொல்லும், அதனால முதல் நாள் ஒரு மணி நேரத்துக்கு மேல வேணாம். எங்க அப்பாவுக்கு எழுபத்தொண்ணு, சேணத்துல முன்னாடி இருக்கிற கொம்பை ரெண்டு கையாலயும் பிடிச்சவர் திரும்பி வர்ற வரைக்கும் விடவேயில்ல. அங்க இருக்கிற பெரிய கள்ளிச்செடிக்கு பேரு சவாரோ, "சவாரோவுக்கு நடுவுல சவாரி"னு அதுக்கப்புறம் எல்லார்கிட்டயும் போன்ல சொல்லி மாளல.

ஸ்டெப் 5: பையில ஒரு சீப்பு

சிரிக்காதீங்க. சோய்யா (cholla)-னு ஒரு கள்ளி இருக்கு, லேசா உரசினாலே ஒரு முள்ளு உருண்டை அப்படியே கழண்டு ஒட்டிக்கும். அப்பா செருப்பு போட்டுக்கிட்டு ரூம் பின்னாடி வாக்கிங் போய், உருண்டை ஒண்ணு கட்டைவிரல் பக்கம் ஒட்டி, அதை கையால பிடுங்கப் போய் கையிலயும் ஏறிடுச்சு. கையால தொடவே கூடாது. முள்ளுக்கும் தோலுக்கும் நடுவுல சீப்பை விட்டு ஒரே வீச்சா தள்ளணும், மிச்ச முள்ளை இடுக்கியால எடுக்கணும். இனிமே மூடின ஷூதான்.

தண்ணி பாட்டில் கையிலயே இருக்கட்டும். வறண்ட காத்துல வேர்வை உடனே காஞ்சிடும், தாகமே தெரியாது. பிரஷருக்கு நீர் பிரியிற மாத்திரை எடுக்கிறவங்க கிளம்புறதுக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட கேட்டுக்கங்க.

ஸ்டெப் 6: வெளிய போனா காலைல மட்டும்

சபினோ கேன்யன்ல எலெக்ட்ரிக் ஷட்டில் வண்டி மேல வரைக்கும் போகும், உக்காந்துக்கிட்டே பள்ளத்தாக்கு பார்க்கலாம். சோனோரா டெசர்ட் மியூசியம் பேருதான் மியூசியம், முக்கால்வாசி வெட்டவெளி, திறந்ததும் போயிடுங்க. சவாரோ நேஷனல் பார்க்கும் பக்கம்தான், 62 வயசும் அதுக்கு மேலயும் உள்ளவங்களுக்கு 80 டாலர்ல ஆயுள் பாஸ் உண்டு, ஆனா அது சிட்டிசனுக்கும் கிரீன் கார்டுக்கும்தான், விசிட்டர் விசாவுல வந்த அப்பா அம்மாவுக்கு கிடையாது.

ஸ்டெப் 7: பாஸ்போர்ட்

டூசானுக்கு தெற்கே டுபாக்-ங்கிற ஊர் பக்கம் போனா, திரும்பி வர்ற வழியில ஹைவேலயே பார்டர் பேட்ரோல் (எல்லைக் காவல்) நிறுத்திக் கேப்பாங்க. பாஸ்போர்ட்டை ராஞ்ச் ரூம்ல பூட்டி வச்சுட்டுப் போயிடாதீங்க, அம்மாவோட ஹேண்ட்பேக்லயே இருக்கட்டும்.